ஏழை வழக்கும் மாணவர் துணையும்

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டத்துக்குப் போகும் சாலையில், முந்திரித் தோப்புகளும் செம்மண் கொல்லைகளும் தறிச் சத்தம் கேட்கும் தெருக்களும் சூழ அமைந்த உடையார்பாளையம், இன்று அரியலூர் மாவட்டத்தின் வருவாய்க் கோட்டங்களில் ஒன்று என்பதைக் காட்டிலும், முற்காலத்துப் பாளையப்பட்டு ஒன்றின் தலைநகரம் என்ற வகையிலேயே தமிழ் கற்றோர் நினைவில் நிலைபெற்றிருக்கிறது. காலாட்கள் தோழ உடையார் என்ற பட்டமும் கச்சி என்ற அடைமொழியும் உடைய அவ்வூர் ஜமீன்தார்கள் சங்கீத வித்துவான்களை ஆதரித்ததும், கனம் கிருஷ்ணையர் அங்கே சமஸ்தான வித்துவானாக விளங்கியதும், மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரின் எழுத்துக்களால் நாம் அறிந்த விஷயங்கள். அதனினும் பழமையான பெருமை ஒன்றும் அவ்வூருக்கு உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மொகலாயப் படைகள் தெற்கே வந்தபோது, காஞ்சிபுரத்துத் தெய்வத் திருமேனிகளுக்குத் தீங்கு நேருமென்று அஞ்சிய கோயிலார் அவற்றை மறைவாக எடுத்துவந்து, அடர்ந்த காடு சூழ்ந்த இந்தப் பாளையத்தில் வைத்துக் காப்பாற்றினர். அபாயம் நீங்கிய பின்னரும், அவ்வாறு வந்த வரதராஜப் பெருமாளைப் பிரியப் பாளையக்காரருக்கு மனம் வரவில்லை என்பர். ஆத்தான் ஜீயரின் வேண்டுகோளுக்கு இணங்கி லாலா தோடர்மல்லர் என்பவர் 1710-ஆம் ஆண்டில் பெருமாளை மீண்டும் காஞ்சியில் எழுந்தருளச் செய்த செய்தியை அப்பெருமாள் கோயிலில் உள்ள சாசனம் கூறுகிறது. உடையார்பாளையத்தின் பெயராலேயே காஞ்சியில் ஆண்டுதோறும் ஓர் உற்சவமும் நடைபெற்று வருகிறது.

தெய்வத்துக்கும் வித்துவானுக்கும் இடம் கொடுத்த அந்த ஊரில், தமக்கு நேர்ந்த அநியாயத்தைச் சொல்லிப் பரிகாரம் தேட ஒரு குத்தகைக் குடியானவரோ, நெசவாளியோ, கூலிக்குப் போகும் கைம்பெண்ணோ எங்கே போனார்கள், யார் அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள், யார் எடுத்துச் சொன்னார்கள் என்ற கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்விடை, சட்டக் கல்லூரிகளும் சமூகப்பணிக் கல்வி நிலையங்களும் தம் மாணவர்களைக் கிராமத்துக்கு அனுப்பி நடத்தும் உதவி மையங்கள் வரை நம்மை அழைத்து வருகிறது. இம்மையங்கள் நேற்று முளைத்தவை என்று எண்ணுகிறவர்கள் பலர்; அவை ஒரு நீண்ட பிரயத்தனத்தின் பிந்திய வடிவம் என்பதே என் அபிப்பிராயம்.

நியாயஸ்தலங்கள் இல்லாமையினால் இந்த வட்டாரத்து ஜனங்கள் துன்புற்றனர் என்று சொல்ல முடியாது. திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் உடையார்பாளையம் தாலுகாவுக்கு ஜெயங்கொண்டத்தில் கச்சேரி இருந்தது. முன்சீப் கோர்ட்டுகளும் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளும் இருந்தன. மேல் முறையீட்டுக்குத் திருச்சியும் சென்னையும் இருந்தன. வசதி படைத்தவர்களுக்கு அந்தப் பாதை எவ்வளவு தூரமும் நீளக்கூடியதாயிருந்தது என்பதற்கு உடையார்பாளையம் ஜமீனே சாட்சி. அக்குடும்பத்தின் வாரிசுரிமை வியாஜ்யம் சென்னை ஹைகோர்ட்டைக் கடந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரையிற் சென்று, 1905-ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. பாகம் பிரிக்க இயலாத ஜமீன் சொத்துக்களைப் பற்றிப் பேசும் இந்து சட்ட நூல்கள் அந்தத் தீர்ப்பை இன்றும் எடுத்துக் காட்டுகின்றன. அரண்மனையின் வழக்கு கடல் கடந்து போய்க்கொண்டிருந்த அதே காலத்தில், அரண்மனைக்கு வாரம் அளந்த குடியானவர்களின் வழக்கு தாலுகா கச்சேரியின் திண்ணையைக் கூடத் தாண்டவில்லை.

ஏழைகளை அன்றைய சட்டம் அறவே மறந்துவிடவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 1908-ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 33-ஆம் கட்டளை, கோர்ட்டுக் கட்டணம் செலுத்த வகையற்றவர்கள் ‘பாப்பர்’ வழக்குத் தொடரலாம் என்று இடம் கொடுத்தது. ஆனால் அந்த வாசலுக்குள் நுழைவதற்குச் செய்ய வேண்டியவற்றைப் பார்த்தால், அது யாருக்காக வகுக்கப்பட்டதோ அவர்களால் துணையின்றிச் செய்யக்கூடிய காரியமாக அது இல்லை. தமக்குள்ள அசையும் சொத்து, அசையாச் சொத்து யாவற்றையும் மதிப்புப் போட்டு அட்டவணையாக எழுதி மனுவோடு சேர்க்க வேண்டும். வீட்டிலுள்ள பித்தளைக் குடமும் ஆட்டுக்குட்டியும் கூட அதில் ஏற வேண்டும். மனுதாரர் நேரில் வந்து கொடுக்க வேண்டும், நீதிபதி விசாரிப்பார், சர்க்கார் வக்கீலுக்கும் எதிர்க்கட்சிக்காரருக்கும் நோட்டீசு போகும், அவர்கள் ‘இவர் உண்மையில் ஏழையல்லர்’ என்று வாதிடலாம். இத்தனைக்கும் பிறகு தள்ளுபடியாவது கட்டணம் மாத்திரமே. வக்கீலை மனுதாரர்தாம் தேடிக்கொள்ள வேண்டும். வக்கீல் இல்லாத வறியவருக்கு நீதிமன்றமே ஒருவரை நியமித்துக் கொடுக்கலாம் என்னும் விதி 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்போதுதான் அச்சட்டத்தில் சேர்ந்தது. வழக்குத் தொடுக்க வரும் ஏழை, முதலில் தம் ஏழ்மையையே வழக்காடி ஜெயிக்க வேண்டியிருந்த நிலைமையை எண்ணும்போது நெஞ்சம் பதைக்கிறது.

இதனால், எழுதத் தெரியாத ஜனங்களுக்கும் எழுத்தினால் நடக்கும் சர்க்காருக்கும் நடுவே, கச்சேரி வாசலில் மனு எழுதுகிறவரும், வக்கீல் குமாஸ்தாவும், பத்திர எழுத்தரும் அமர்ந்தனர். அவர்களில் தர்மவான்கள் இருந்தனர். இரண்டணா வாங்கிக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவர்கள் இருந்தனர். ஆயினும் மனுவில் என்ன எழுதப்பட்டது என்பதை மனுக் கொடுத்தவர் அறியாமல் ரேகை வைப்பதே பொது வழக்கமாயிருந்தது. பணம் இல்லாமை ஒரு தடை. தூரம் மற்றொரு தடை. இவ்விரண்டையும்விடப் பெரியது, தம் காரியம் தமக்கே விளங்காதிருந்த அந்தத் தடை.

இதனைத் தமிழ்நாட்டில் முதன்முதலில் ஆழ்ந்து உணர்ந்து அதற்காக உழைத்தவர் என்று மாயூரம் வேதநாயகம் பிள்ளையையே நான் சொல்லுவேன். திருச்சிராப்பள்ளிக்கு அருகேயுள்ள குளத்தூரில் 1826-ஆம் ஆண்டு பிறந்து, திருச்சிக் கோர்ட்டில் பதிவேடு காப்பவராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் உத்தியோகம் பார்த்து, பின்பு தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய இடங்களில் முன்சீபாக இருந்த அவர், அந்நாளைய மேல் முறையீட்டு மன்றமான சதர் கோர்ட்டின் தீர்ப்புக்களைத் திரட்டித் தமிழாக்கி, 1862-ஆம் ஆண்டில் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற பெயரில் வெளியிட்டார். இங்கிலீஷில் முடங்கிக் கிடந்த தீர்ப்புக்கள், யாருடைய வீட்டுக்கும் நிலத்துக்கும் உரிமை வகுத்தனவோ அந்த ஜனங்கள் படித்துத் தெரிந்துகொள்ளும் வகையில் வெளிவந்தது சாதாரண காரியமன்று. தம்முடைய ‘பிரதாப முதலியார் சரித்திர’த்திலும், தமிழ் பேசும் கட்சிக்காரர்களுக்கு நடுவில் தமிழ் வக்கீல்கள் இங்கிலீஷில் வாதிப்பதை அவர் கடிந்திருக்கிறார். கீழ்க் கோர்ட்டுகளில் தமிழை முறையாகப் புகுத்தும் சட்டத் திருத்தம் 1976-ஆம் ஆண்டில்தான் வந்தது என்பதை நினைத்தால், அவர் எத்தனை தலைமுறைக்கு முன்னால் நின்று பேசினார் என்பது விளங்கும். சட்ட உதவியின் தமிழ்ச் சரித்திரத்தை எழுதப் புகுவோர் அவரிடமிருந்து தொடங்குவதே நேர்மை.

மாணவர்களைக் கொண்டு ஏழைகளுக்குச் சட்டத் துணை செய்விக்கும் உபாயம் கடலுக்கு அப்பால் பிறந்தது. வியாதியஸ்தர்களைப் பாராமல் புத்தகத்தை மட்டும் படித்து ஒருவர் வைத்தியர் ஆக முடியாது என்றிருக்க, கட்சிக்காரர்களைப் பாராமலே வக்கீல் ஆகிவிடலாம் என்பது எப்படி என்ற கேள்வி, அமெரிக்கச் சர்வகலாசாலைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுந்தது. ஹார்வர்டில் 1913-ஆம் ஆண்டு மாணவர்களே நடத்தும் சட்ட உதவி நிலையம் ஒன்று ஏற்பட்டது. 1933-ஆம் ஆண்டில் ஜெரோம் பிராங்க் என்னும் அறிஞர், சட்டக் கல்லூரி ஒவ்வொன்றும் வைத்தியசாலையைச் சேர்ந்த மருத்துவக் கல்லூரியைப் போல் நடைபெற வேண்டும் என்று வாதிட்டு எழுதிய கட்டுரை பிரசித்தமானது. அந்த யோசனை பல கல்லூரிகளில் வேர்கொள்ள, போர்டு ஸ்தாபனம் 1968-ஆம் ஆண்டில் பொருளுதவி செய்ய முன்வந்த காலம் வரை பொறுத்திருக்க வேண்டியதாயிற்று.

நம் தேசத்தில் சுதந்திரம் வந்தவுடனேயே, 1949-ஆம் ஆண்டில், பம்பாயில் என். எச். பகவதி தலைமையில் ஒரு குழு ஏழைகளுக்கான சட்ட உதவியைப் பற்றி ஆராய்ந்தது. செதல்வாட் தலைமையிலான சட்டக் கமிஷன் 1958-ஆம் ஆண்டில் வெளியிட்ட பதினான்காவது அறிக்கையில், இவ்வுதவி ராஜ்யத்தின் கடமை என்று கூறிற்று. அறிக்கைகள் அலமாரியில் ஏறின. காரியத்தை அலமாரியிலிருந்து இறக்கியவர் வி. ஆர். கிருஷ்ண ஐயர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் தோன்றி, நம் உடையார்பாளையத்துக்குக் கிழக்கே கொள்ளிடக் கரை நாட்டிலுள்ள அண்ணாமலைச் சர்வகலாசாலையில் படித்து, சென்னையில் சட்டம் கற்று, தலைச்சேரியில் தொழிலாளர்களுக்கும் குடியானவர்களுக்கும் வழக்காடியவர் அவர். 1957-ஆம் ஆண்டில் கேரளத்தின் முதல் மந்திரிசபையில் சட்ட மந்திரியாக இருந்தார். ஏழைகளின் வழக்கை வாதிட்டவர், அரசை நடத்தியவர், நீதிபதியாக அமர்ந்தவர் ஆகிய மூவரும் ஒருவரிடமே கூடியிருந்ததனால்தான், 1973-ஆம் ஆண்டில் அவர் தலைமையிலான நிபுணர் குழு அளித்த அறிக்கை, சட்டத்தைப் பற்றிய புத்தகமாக இல்லாமல் சட்டத்தால் அலைக்கழிக்கப்படும் மனிதர்களைப் பற்றிய புத்தகமாக அமைந்தது. சட்டக் கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் இவ்வுதவியில் பங்குகொள்ள வேண்டும் என்ற கொள்கை அதிலும், அவரும் பி. என். பகவதியும் சேர்ந்து 1977-ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையிலும் இடம்பெற்றது. முன்னே சொன்ன பம்பாய்க் குழுவின் தலைவருடைய குமாரரே இந்தப் பகவதி.

அதற்குள் 42-ஆவது திருத்தத்தின் வாயிலாக 39-ஏ என்னும் ஷரத்து அரசியல் சாசனத்தில் சேர்ந்து, பொருளாதாரக் குறையினாலோ வேறு இயலாமையினாலோ எந்தப் பிரஜைக்கும் நீதி மறுக்கப்படலாகாது என்று விதித்தது. 1987-ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1995-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் தேதி அமலுக்கு வந்தது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர், காவலில் இருப்போர் ஆகியோர் தம் வருமானத்தைக் காட்டாமலே இலவச சட்ட உதவி பெறலாம் என்று அச்சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. பித்தளைக் குடத்துக்கு விலை போட்டு அட்டவணை எழுதிய காலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், இந்த ஒரு பிரிவு எத்தகைய மாறுதல் என்பது தெரியும். சர்வகலாசாலைகளிலும் சட்டக் கல்லூரிகளிலும் உதவி மையங்கள் ஏற்படுவதற்கு வழிகாட்டுவதையும் அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவு தேசிய ஆணைக்குழுவின் கடமைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது.

கல்லூரிகளின் பக்கத்தில், டெல்லிச் சர்வகலாசாலையின் ஆசிரியர்களும் மாணவர்களும் 1970-ஆம் ஆண்டை ஒட்டி இம்முயற்சியைத் தொடங்கினர். அவர்களோடு உழைத்தவரும், புதுச்சேரிச் சட்டக் கல்லூரியின் முதல்வராகச் சில காலம் இருந்தவரும், பெங்களூரில் தேசிய சட்டப் பள்ளியை நிறுவி வளர்த்தவருமான என். ஆர். மாதவ மேனன், மாணவர் உதவி மையம் என்பதைச் சட்டக் கல்வியின் அங்கமாகவே ஆக்கப் பாடுபட்டார். இந்திய பார் கவுன்சில் 1997-ஆம் ஆண்டில் நான்கு செயல்முறைப் பாடங்களைக் கட்டாயமாக்கியது. அவற்றில் ஒன்று பொதுநல வழக்காடலையும் சட்ட உதவியையும் பற்றியது. 2008-ஆம் ஆண்டு விதிகள், ஒவ்வொரு சட்டக் கல்லூரியும், மூத்த ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில், இறுதியாண்டு மாணவர்கள் நடத்தும் சட்ட உதவி மையம் ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்று விதித்தன. 2011-ஆம் ஆண்டில் தேசிய ஆணைக்குழு வகுத்த ஒழுங்குமுறைகள், கிராமத்து மையங்களையும் கல்லூரி மையங்களையும் இணைத்து நடத்த வகை செய்தன.

நம் பகுதிக்கு இவையெல்லாம் தாமதித்தே வந்தன. சென்னைச் சட்டக் கல்லூரி 1891-ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டுவிட்டபோதிலும், திருச்சிராப்பள்ளியில் அரசு சட்டக் கல்லூரி 1979-ஆம் ஆண்டில்தான் தோன்றியது. அதுவரையில் இந்தத் தாலுகாவின் பிள்ளைகளில் சட்டம் படிக்க விரும்பினவர்கள் வெளி ஜில்லாக்களுக்கே போக வேண்டியிருந்தது, போனவர்களில் திரும்பி வந்தவர்கள் மிகச் சிலர். திருச்சிக்கு அருகே நாவலூர் குட்டப்பட்டில் 2012-ஆம் ஆண்டில் தமிழ்நாடு தேசிய சட்டப் பள்ளி ஏற்பட்டது. இடையில் ஜில்லா எல்லைகளும் மாறின. திருச்சியிலிருந்து பிரிந்து 1995-ஆம் ஆண்டில் பெரம்பலூர் மாவட்டமும், அதிலிருந்து 2001-ஆம் ஆண்டில் அரியலூர் மாவட்டமும் தோன்றின. அரியலூர் மறுவருஷமே பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007-ஆம் ஆண்டில் மீண்டும் தனி மாவட்டமாயிற்று. எல்லை மாறிய ஒவ்வொரு தடவையும், ‘இந்தக் காகிதத்துக்கு எந்த ஆபீசுக்குப் போவது’ என்று கேட்டு அலைந்தவர்கள் இப்பகுதி ஏழைகளே.

மையம் என்று சொல்லும்போது பெரிய கட்டிடத்தை எண்ணிக்கொள்ள வேண்டாம். ஊராட்சி அலுவலகத்தின் ஓர் அறை, இரண்டு மேஜை, ஒரு பதிவேடு, கல்லூரியிலிருந்து வந்த இரண்டு மூன்று மாணவர்கள், அவர்களோடு ஓர் ஆசிரியர் அல்லது பட்டியலில் உள்ள வக்கீல், உள்ளூர் நிலவரம் தெரிந்த சட்டத் தன்னார்வலர் ஒருவர், இவ்வளவே. வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்; கையில் ஒரு மஞ்சள் பை இருக்கும். அதற்குள் ரேஷன் கார்டும், மாமனார் பெயரிலுள்ள பட்டாவும், கிஸ்தி ரசீதுகளும், எப்போதோ வந்து பிரிக்கப்படாமலே கிடக்கும் கோர்ட்டு நோட்டீசும், ஆஸ்பத்திரிச் சீட்டும் ஒன்றாய் மடிந்து கிடக்கும். ‘என்னம்மா வேண்டும்?’ என்று கேட்டால் நேராகப் பதில் வராது. கல்யாணத்திலிருந்தோ, மூத்தவர் செத்த வருஷத்திலிருந்தோ கதை தொடங்கும். கேட்கக் கற்றுக்கொண்ட மாணவர்கள் நடுவே குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டே காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்குவார்கள். அடுக்கி முடித்தவுடன் வழக்கு எங்கே இருக்கிறதென்பது தானாகவே புலப்படும். பிறகு மனுவை எழுதி, அதை வரி வரியாகப் படித்துக் காட்டி, ‘சரிதானே?’ என்று கேட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். படித்துக் காட்டுதல் என்ற இந்தச் சின்ன வினையில்தான், பழைய கச்சேரித் திண்ணைக்கும் இன்றைய மையத்துக்கும் உள்ள வேற்றுமை முழுவதும் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் ஓயாமல் ஓடும் மாவட்டம் இது. விபத்தில் வீட்டின் சம்பாத்தியக்காரரை இழந்த குடும்பம் துக்கத்திலிருந்து தெளிவதற்குள் தரகர் வந்துவிடுகிறார். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கருமாதியும் கடனும் முடிந்து நிமிர்ந்து பார்ப்பதற்குள் அந்த ஆறு மாதம் பறந்துவிடும். இக்கெடுவைத் தக்க தருணத்தில் ஒருவர் எடுத்துச் சொல்லிவிட்டால், அதுவே ஒரு குடும்பத்தின் ஜீவனத்தைக் காக்கும் சகாயமாகிறது.

சட்டம் மட்டும் தெரிந்தவர்களால் முடியாத காரியமும் உண்டு. உடையார்பாளையம், இலையூர், வாரியங்காவல் முதலிய நெசவூர்களில், குழித்தறியில் கணவர் நெய்ய, மனைவி நூல் சுற்றிப் பாவுக்கு உதவ, இருவர் உழைப்பும் ஒருவர் கூலியாகக் கணக்கேறும். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் கழியாமல் நிற்கும், கூலி குடிக்குப் போகும், அடி விழும். அந்தப் பெண்மணி மையத்துக்கு வரும்போது விவாகரத்தையோ போலீசு வழக்கையோ கேட்பதில்லை. ‘அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்’ என்பார்; அல்லது ஒன்றுமே சொல்லாமல் அழுவார். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகளை அப்போது ஒப்பிப்பதில் பயனில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவசரப்படுத்தாமல், மனத்தில் உள்ளது வெளிவரும்படி செய்யப் பயின்ற ஒருவர் வேண்டும்.

இப்பயிற்சியின் சரித்திரம் தனியாகவே வந்திருக்கிறது. பம்பாயில் 1936-ஆம் ஆண்டு தொடங்கிய டாட்டா சமூகப்பணிப் பள்ளி, மறு ஆண்டே குழந்தைகளுக்கும் பெற்றோர்க்கும் மனநல வழிகாட்டும் நிலையம் ஒன்றை அமைத்தது. மாணவர்கள் அங்கேயே பயின்றனர். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் 1952-ஆம் ஆண்டில் சமூகப்பணிப் பள்ளியை நிறுவினார். முன்னே சொன்ன டாட்டா கல்வி நிலையம் 1984-ஆம் ஆண்டில் பம்பாய்ப் போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்குள்ளேயே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான தனிப்பிரிவைத் தொடங்கியபோது, சட்டத் துணையும் மனத் துணையும் முதல் தடவையாக ஒரே அறையில் அமர்ந்தன என்று சொல்லலாம். குடும்ப நீதிமன்றங்களில் ஆலோசகர்கள் இருக்க வேண்டும் என்று விதித்த சட்டமும் அந்த ஆண்டில் வந்ததே. நம் பகுதியிலும், சமூகப்பணி மாணவர் ஒருவரும் சட்ட மாணவர் ஒருவரும் ஒரே மேஜைக்கு இரு பக்கத்தில் அமர்ந்தால் நடக்கும் காரியம், அவர்கள் தனித்தனியே பத்து முகாம் நடத்தினாலும் நடவாது. இதை நான் உறுதியாகச் சொல்லுகிறேன்.

முகாம் என்ற சொல்லை எடுத்ததனால், மனத்தில் உள்ள ஒரு குறையையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை பந்தல் போட்டு, பானர் கட்டி, விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தி, நூறு பேரிடம் மனு வாங்கிக்கொண்டு போய்விடுவதைச் சட்ட உதவி என்று எண்ணும் வழக்கம் பல இடங்களில் பரவியிருக்கிறது. வாங்கிய மனு என்ன ஆயிற்று என்று கேட்க அடுத்த வாரம் வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல அங்கே யாரும் இருப்பதில்லை. ஒரு தரம் ஏமாந்த ஏழை மறுபடி வரமாட்டார். இதற்கு மாணவர்களை மட்டும் குறை சொல்லுவது தகாது. அமெரிக்காவின் பல ராஜ்யங்களில் மேற்பார்வையின் கீழ் மாணவர்களே கோர்ட்டில் ஆஜராக அனுமதி உண்டு. இங்கே 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின்படி பதிவு பெற்ற வக்கீல்கள்தாம் வழக்காடலாம், முழு நேரச் சம்பளம் பெறும் ஆசிரியர்களாலும் பொதுவாகத் தொழில் நடத்த இயலாது. ஆகவே மாணவர்கள் எழுதிய மனு கோர்ட்டு வாசலோடு வேறொருவர் கைக்கு மாறிவிடுகிறது. பரீட்சையும் விடுமுறையும் வந்தால் மையமும் பூட்டிக் கிடக்கிறது. வட்ட சட்டப் பணிகள் குழுவின் வக்கீலும் கல்லூரியும் ஒரே பதிவேட்டை வைத்துக்கொண்டு, போன வாரத்து மனுவின் நிலையை இந்த வாரம் சொல்லுவதற்கு ஏற்பாடு செய்துகொண்டாலொழிய இந்தக் குறை தீராது.

துணை இன்மையால் என்ன நேரும் என்பதற்கு இந்த வட்டாரத்தின் அண்மைச் சரித்திரத்திலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 1990-களில் ஜெயங்கொண்டத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில், பழுப்பு நிலக்கரியை எடுத்து மின்சாரம் உற்பத்தி செய்யும் திட்டத்துக்காக, டிட்கோ என்னும் அரசு நிறுவனத்தின் பொருட்டு ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் கையகப்படுத்தப்பட்டது. அந்நாளில் அமலில் இருந்த 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தில், சாமானியர் கண்ணில் படாத நுட்பங்கள் சில இருந்தன. அதிகாரி நிர்ணயித்த தொகை போதாதென்று கருதுகிறவர்கள் 18-ஆம் பிரிவின்படி கோர்ட்டுக்கு அனுப்பக் கோரலாம். ஆனால் தொகையை வாங்கும்போது ஆட்சேபணையுடன் வாங்கியிருக்க வேண்டும், தீர்மானத்தின்போது எதிரில் இருந்தவர்கள் ஆறு வாரத்துக்குள் மனுக் கொடுத்திருக்க வேண்டும். ‘ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்’ என்ற இரண்டு சொற்களை ரசீதில் சேர்த்தவர்களுக்கும் சேர்க்காதவர்களுக்கும், அடுத்தடுத்த கொல்லைகளாயினும், கதி வேறாகலாம். 1984-ஆம் ஆண்டில் சேர்ந்த 28-ஏ பிரிவு, மனுச் செய்யத் தவறியவர்களும், அதே அறிவிப்பில் அடங்கிய பக்கத்து நிலத்துக்குக் கோர்ட்டு உயர்த்திய தொகையைக் காட்டி மூன்று மாதத்துக்குள் கேட்கலாம் என்று இரண்டாவது வாய்ப்பு ஒன்றைத் தந்தது. இந்த இரண்டு சொற்களையும் அந்த மூன்று மாதத்தையும் வீடு வீடாகப் போய்ச் சொல்ல, சட்டத்தின் நடுப் பாடங்களைப் படித்த மாணவர்களே போதும். கோர்ட்டுகளில் இழப்பீட்டு வழக்குகள் குவிந்து ஆண்டுக்கணக்கில் நடந்தபோது, அத்தகைய துணை ஒவ்வொரு கிராமத்திலும் இருந்திருந்தால் எத்தனை குடும்பங்களின் அலைச்சல் குறைந்திருக்கும்!

நிலக்கரியும் எடுக்கப்படவில்லை, மின்சாரமும் வரவில்லை. ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழிந்த பின், திட்டத்தைக் கைவிட்டு நிலத்தை உரியவர்களுக்கே திருப்பித் தர அரசாங்கம் தீர்மானித்தது. இந்த நல்ல தீர்மானமும் ஏழைகளைப் பொறுத்தவரை புதிய காகிதங்களாகவே வந்து சேருகிறது. நிலம் கொடுத்தவர்களில் பலர் காலமாகிவிட்டனர். அவர்கள் பெயரில் இருந்ததை வாரிசுகள் பெயருக்கு மாற்ற இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும். இரண்டு தாரம் இருந்த வீட்டில் தகராறு எழும். பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் வெளிநாட்டுக்கும் போன பங்காளிகளின் ஒப்புதலைத் தேட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டிக்கொடுத்த பெண்மக்களின் பங்கு இருக்கிறது. 1989-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சட்டமும் 2005-ஆம் ஆண்டில் மத்திய சட்டமும் மகளுக்கும் பிதுரார்ஜிதச் சொத்தில் உரிமை உண்டென்று சொல்லியிருக்க, சீர் செய்தாகிவிட்டது என்ற காரணத்தைக் காட்டி, விடுதலைப் பத்திரத்தில் அவர்களிடம் கைநாட்டு வாங்கும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. அண்ணன்மாரை விட்டுக்கொடுக்க மனமின்றி அறிந்தே உரிமையை விடுகிறவர்கள் விடட்டும்; அது அவர்கள் இஷ்டம். ஆனால் அந்தப் பத்திரத்தில் எழுதியிருப்பது இன்னதென்றும், விடுவது எத்தனை சென்ட் என்றும், இன்று கையெழுத்திட்டால் நாளை திரும்பக் கேட்க இயலாதென்றும் அவர்களுக்குப் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வண்டி ஏறுவதற்கு முன்பே, அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது. திருச்சியிலிருந்து வரும் மாணவர்களுக்கு இந்தப் பத்து வருஷத்துக்கு இந்தப் பக்கத்துக் கிராமங்களில் இருக்கும் வேலை இதுவே.